பழைய கணினிக்கு ராம் வாங்கும்போது சிஎல் எண்ணைப் பார்த்து முடிவெடுக்கலாமா?

நீங்கள் கேட்டதை முதலில் என் சொற்களில் சொல்லிவிடுகிறேன். உங்களிடம் இருப்பது இன்டெல் இரண்டாம் தலைமுறை ஐ5 பிராசசர் கொண்ட மேசைக் கணினி. அதில் சிஎல்9 (சிஎல் என்பது ராமின் தாமதத்தைக் குறிக்கும் எண்) என்று குறித்த 4 ஜிபி டிடிஆர்3-1333 ராம் ஒன்று மட்டும் இருக்கிறது. இரண்டாவது ஸ்லாட் காலியாக உள்ளது. பிரவுசரில் பத்துப் பன்னிரண்டு பக்கங்களைத் திறந்தாலே ஹார்ட் டிஸ்க் விளக்கு அணையாமல் எரிகிறது, மவுஸ் கூட நின்று நின்று நகர்கிறது என்கிறீர்கள். காலியான ஸ்லாட்டுக்காக, ஏறத்தாழ ஒரே விலையில் இரண்டு ராம்களைப் பார்த்து வைத்திருக்கிறீர்கள்: ஒன்று சாதாரணப் பச்சைப் பலகையில் வரும் 8 ஜிபி டிடிஆர்3-1600 சிஎல்11, மற்றது அலுமினிய உறை போட்ட 4 ஜிபி டிடிஆர்3-1600 சிஎல்9. சிஎல்11 மெதுவானது, அதைப் போட்டால் ஏற்கெனவே இருக்கும் ராமும் சேர்ந்து மெதுவாகிவிடும் என்று நண்பர் எச்சரித்திருக்கிறார். ஆக, சிஎல் என்றால் என்ன என்று தெரிந்துகொள்வது மட்டும் உங்கள் நோக்கமாகத் தெரியவில்லை. ஒரே அளவு பணத்தைக் கொள்ளளவுக்குச் செலவழிப்பதா, தாமதத்தைக் குறைப்பதற்குச் செலவழிப்பதா என்பதுதான் உங்கள் கேள்வி.

கணினிகளைப் பழுதுபார்ப்பதும் மேம்படுத்தித் தருவதும் பதினேழு ஆண்டுகளாக என் தொழில். உங்கள் நிலையில் நான் தயங்காமல் 8 ஜிபி சிஎல்11 ராமைத்தான் வாங்குவேன். ஆனால் உங்கள் நண்பரின் எச்சரிக்கைக்குப் பின்னால் ஒரு காலத்தில் உண்மையாக இருந்த செய்தி ஒன்று இருக்கிறது. அதை ஒதுக்கித் தள்ளாமல், எந்த இடத்தில் அது சரி, எந்த இடத்தில் அது உங்களுக்குப் பொருந்தாது என்பதையும் பார்த்துவிட வேண்டும்.

சிஎல் என்பது நேரம் அல்ல, எண்ணிக்கை. நினைவகத்துக்குள் குறிப்பிட்ட இடத்தில் உள்ள தரவைக் கொடு என்று கட்டளை போன பிறகு முதல் தரவு வெளியே வருவதற்கு எத்தனை கடிகாரச் சுழற்சிகள் ஆகும் என்பதைத்தான் அது சொல்கிறது. ஒரு சுழற்சி எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பது தெரியாமல் அந்த எண்ணிக்கையை வைத்து எதையும் ஒப்பிட முடியாது. டிடிஆர் வகை நினைவகங்கள் ஒரு சுழற்சியில் இருமுறை தரவை அனுப்புவதால், 1333 என்று எழுதியிருக்கும் ராமின் உண்மையான கடிகாரம் அதில் பாதி, அதாவது 667 மெகாஹெர்ட்ஸ். அதில் ஒரு சுழற்சிக்கு 1.5 நானோ நொடி; ஒன்பது சுழற்சிக்கு 13.5 நானோ நொடி. 1600 என்று எழுதியிருக்கும் ராமில் ஒரு சுழற்சிக்கு 1.25 நானோ நொடி. பதினொரு சுழற்சிக்கு 13.75 நானோ நொடி. 9-க்கும் 11-க்கும் இடையே பெரிய இடைவெளி இருப்பதுபோல் கண்ணுக்குப் படுகிறது. நேரமாக மாற்றிப் பார்த்தால் மிஞ்சுவது கால் நானோ நொடி. இதைத் தாளில் போட்டுப் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு: சிஎல் எண்ணை 2000-ஆல் பெருக்கி, ராமின் மேல் எழுதியிருக்கும் வேகத்தால் வகுத்தால் வருவதுதான் நானோ நொடிக் கணக்கு. கடையில் நிற்கும்போது போன் கால்குலேட்டரில் இதைப் போட்டுப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். பாதி வாதங்கள் அங்கேயே முடிந்துவிடும்.

இதே கணக்கைத் தலைமுறைவாரியாகப் போட்டால் இன்னொன்றும் தெரியும். 2000-ஆம் ஆண்டு வெளியான முதல் டிடிஆர் தரத்தில் 400 வேகமும் சிஎல்3-உம் கொண்ட ராமுக்கு 15 நானோ நொடி. டிடிஆர்2-800 சிஎல்5 என்றால் 12.5. டிடிஆர்3-1333 சிஎல்9 என்றால் 13.5. டிடிஆர்4-2400 சிஎல்17 என்றால் 14.2. 2020-இல் தரம் வெளியான டிடிஆர்5-இல் 4800 சிஎல்40 என்று பார்த்தால் 16.7. எண் 3-இலிருந்து 40-க்கு ஏறிவிட்டது. நேரமோ கிட்டத்தட்ட இருந்த இடத்திலேயே இருக்கிறது. காரணம், இந்தத் தாமதம் கடிகாரத்தில் இல்லை, நினைவக அறையின் அமைப்பில் இருக்கிறது. ஒவ்வொரு பிட்டும் ஒரு மிகச் சிறிய மின்தேக்கியில் மின்னூட்டமாக நிற்கிறது. அந்த நுண்ணிய மின்னூட்டத்தை நீண்ட கம்பியின் வழியே உணர்ந்து, பெருக்கி, பூச்சியமா ஒன்றா என்று முடிவு செய்ய ஆகும் நேரத்தைத் தலைமுறை மாறியும் யாராலும் பெரிதாகக் குறைக்க முடியவில்லை. மாறாக, ஒரே நேரத்தில் பல பிட்டுகளை எடுத்து வேகமாக வெளியே தள்ளும் திறன் பலமடங்கு கூடியிருக்கிறது. டிடிஆர்3 ஒரு வாசிப்புக்கு எட்டுத் தவணைகளில் மொத்தம் 64 பைட்டுகளைத் தருகிறது. அதற்கு நான்கு சுழற்சிகள் போதும். 1333-இல் அது 6 நானோ நொடி, 1600-இல் 5 நானோ நொடி. ஆகவே தத்தம் வேகத்தில் ஓடினால், 64 பைட்டுகளும் வந்து சேரும் கணத்தில் 1600 சிஎல்11 ராம் உங்கள் பழைய 1333 சிஎல்9 ராமை ஒரு நூலிழை முந்தியே இருக்கும்.

ஆனால் உங்கள் கணினியில் அது 1600-இல் ஓடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். இரண்டாம் தலைமுறை ஐ5 பிராசசருக்கு இன்டெல் அறிவித்த உச்ச நினைவக வேகம் 1333. எச்61 போன்ற சாதாரண சிப்செட் (மதர்போர்டின் கட்டுப்பாட்டுச் சிப்) கொண்ட மதர்போர்டுகளில் அதற்கு மேல் ஏற்ற வழியில்லை. பி67, இசட்68 வகைகளில் ஏற்றலாம். போதாததற்கு, ஏற்கெனவே ஸ்லாட்டில் இருக்கும் 1333 ராமும் பக்கத்து ராமைத் தன் வேகத்துக்கு இறக்கிவிடும். அப்படி இறங்கும்போது சிஎல்11 என்னவாகிறது என்பதுதான் நண்பரின் அச்சத்துக்கு நேரடியான பதில். ஒவ்வொரு ராம் பலகையிலும் எஸ்பிடி என்ற சிறு சிப் ஒன்று உண்டு. அதில் இந்த ராமுக்கு மிகக் குறைந்தது இத்தனை நானோ நொடி வேண்டும் என்று நேரக் கணக்காகவே எழுதியிருக்கும். கணினியை இயக்கியதும் முதலில் ஓடும் அடிப்படை நிரலான பயாஸ் அதைப் படித்து, ஓடப்போகும் வேகத்துக்கு ஏற்ற சுழற்சி எண்ணிக்கையைத் தானே கணக்கிட்டுக்கொள்கிறது. பெரும்பாலான 1600 சிஎல்11 ராம்களின் எஸ்பிடியில் இருக்கும் எண் 13.125 நானோ நொடி. அதை 1333-இன் 1.5 நானோ நொடியால் வகுத்தால் 8.75; முழு எண்ணாக்கினால் 9. அதாவது, கடையில் சிஎல்11 என்று வாங்கிய ராம் உங்கள் பெட்டிக்குள் சிஎல்9 ஆகத்தான் ஓடும். பழைய ராமை அது கீழே இழுக்காது. இரண்டு ராம்கள் சேரும்போது இரண்டுக்கும் பொருந்தும் தளர்வான எண்களைப் பயாஸ் தேர்ந்தெடுக்கும் என்று நண்பர் சொல்லியிருந்தால் அந்த விதி சரிதான்; இங்கே அந்தத் தளர்வான எண்ணும் 9-தான்.

இதுவரை சொன்னது கணக்கு. அதில் ஐயத்துக்கு இடமில்லை. இனி, இரண்டரை நானோ நொடி வித்தியாசம் உண்மையிலேயே கிடைத்தால் என்ன பயன் என்று பார்ப்போம். 1600-இல் ஓட வாய்ப்புள்ள கணினியில் சிஎல்11-க்குப் பதில் சிஎல்9 போட்டால் 13.75 என்பது 11.25 ஆகும். தனியாகப் பார்த்தால் பதினெட்டு சதவீதக் குறைவு, நல்ல இலாபம்தான். ஆனால் பிராசசர் கேட்டதிலிருந்து தரவு கையில் கிடைக்கும் வரையான முழுப் பயணத்தில் சிஎல் ஒரு கட்டம் மட்டுமே. நினைவகத்தை ஒரு பெரிய பதிவறையாக நினைத்துக்கொள்ளுங்கள். வேண்டிய பேரேடு ஏற்கெனவே மேசையில் விரித்திருந்தால் வரியைத் தேடிப் படிக்கும் நேரம் மட்டும் ஆகும், அதுதான் சிஎல். மேசை காலியாக இருந்தால் பேரேட்டை அலமாரியிலிருந்து எடுத்து வரும் நேரம் கூடுதல். மேசையில் வேறு பேரேடு கிடந்தால் அதைத் திருப்பி வைக்கும் நேரம் அதற்கும் மேல். ராமின் மேல் 9-9-9-24 என்று நான்கு எண்கள் போட்டிருக்கிறார்களே, அவற்றில் முதல் மூன்றும் முறையே படிப்பது, எடுத்து வருவது, திருப்பி வைப்பது ஆகியவற்றுக்கான சுழற்சிகள். நான்காவது, ஒரு பேரேடு குறைந்தது எவ்வளவு நேரம் மேசையில் இருந்தாக வேண்டும் என்பது. இவை போக, பிராசசருக்குள்ளேயே இருக்கும் சிறிய, வேகமான கேஷ் நினைவகத்தின் ஒவ்வொரு அடுக்கிலும் தேடிப் பார்த்து அங்கே இல்லை என்று உறுதி செய்யவும், நினைவகக் கட்டுப்பாட்டகத்தில் முறை வருவதற்குக் காத்திருக்கவும் நேரம் போகிறது. எல்லாம் சேர்ந்து இந்த வகை மேசைக் கணினிகளில் 60 முதல் 100 நானோ நொடி வரை ஆகும். அதில் இரண்டரை குறைந்தால் மூன்று நான்கு சதவீதம். அதுவும் கேஷில் கிடைக்காமல் ராம் வரை போக நேர்ந்த தருணங்களில் மட்டும். உங்கள் பிராசசரில் 6 எம்பி கேஷ் இருக்கும், அன்றாட வேலையில் பெரும்பாலான கோரிக்கைகள் அங்கேயே முடிந்துவிடும்.

இப்போது ஹார்ட் டிஸ்க் பக்கம் வாருங்கள், ஏனென்றால் உங்கள் கணினியின் உண்மையான நோய் அங்கேதான் தெரிகிறது. 4 ஜிபி நிரம்பியதும் இயங்குதளம் சும்மா இருக்காது. சிறிது நேரமாகத் தொடாத தரவை ராமிலிருந்து எடுத்து டிஸ்கில் எழுதி வைத்துவிட்டு, கேட்கும்போது திரும்பப் படித்துத் தரும். விளக்கு அணையாமல் எரிவதன் பொருள் பெரும்பாலும் இதுதான். நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் டிஸ்க் ஒரு சுற்றுச் சுற்ற 8.3 மில்லி நொடி ஆகும். வேண்டிய இடம் தலைக்குக் கீழே வர சராசரியாக அதில் பாதி. தலை நகர்ந்து போகும் நேரத்தையும் சேர்த்தால் ஏறத்தாழ பன்னிரண்டரை மில்லி நொடி. மில்லி நொடி என்பது பத்து லட்சம் நானோ நொடி. இரண்டரை நானோ நொடி மிச்சம் பிடிக்கும் ராமை வாங்கினால், டிஸ்குக்கு ஒரே ஒரு முறை போய்வந்ததை ஈடுகட்ட அந்த ராம் ஐம்பது லட்சம் முறை மிச்சம் பிடித்தாக வேண்டும். பிரவுசர் தாவல் ஒன்றை மாற்றும்போதே இப்படிப் பல நூறு முறை டிஸ்குக்குப் போய்வர நேரிடலாம். கொள்ளளவா தாமதமா என்ற கேள்வியில் எனக்குத் தயக்கமே இல்லாததற்கு இந்த ஒரு கணக்குதான் காரணம்.

வாங்குமுன் இதை உங்கள் கணினியிலேயே உறுதி செய்துகொள்ளுங்கள். வழக்கமாகத் திறக்கும் எல்லாவற்றையும் திறந்து வைத்துக்கொண்டு, கணினி திணறும் அந்த நேரத்தில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து நினைவகப் பகுதியைப் பாருங்கள். பயன்பாடு 90 சதவீதத்தைத் தாண்டி நின்று, கூடவே டிஸ்க் பயன்பாடும் 100-ஐத் தொட்டுக்கொண்டிருந்தால் ராம் போதவில்லை என்று பொருள். லினக்ஸ் என்றால் விஎம்ஸ்டாட் கட்டளையில் டிஸ்கிலிருந்து ராமுக்கு வருவதையும் ராமிலிருந்து டிஸ்குக்குப் போவதையும் காட்டும் எஸ்ஐ, எஸ்ஓ என்ற இரு பத்திகளிலும் தொடர்ந்து எண்கள் ஓடுகின்றனவா என்று பாருங்கள். ராம் பாதிதான் நிரம்பியிருக்கிறது, ஆனாலும் டிஸ்க் விளக்கு அணையவில்லை என்றால் கதை வேறு. அப்போது ராமுக்குச் செலவழிப்பதை நிறுத்திவிட்டு அந்தப் பணத்தை, சுழலும் தட்டு இல்லாத சேமிப்பகமான எஸ்எஸ்டி வாங்கப் பயன்படுத்துங்கள். எஸ்எஸ்டி ஒரு கோரிக்கைக்கு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு மில்லி நொடியில் பதில் சொல்லும். ஹார்ட் டிஸ்கோடு ஒப்பிட்டால் நூறு மடங்கு விரைவு. இரண்டுக்கும் பணம் இருந்தால் இரண்டையும் செய்யுங்கள். ஒன்றுக்குத்தான் முடியும் என்றால், டாஸ்க் மேனேஜர் காட்டுவதை வைத்து முடிவெடுங்கள்.

நண்பர் சொன்னதில் இருக்கும் உண்மைக்கு வருகிறேன். முதல் டிடிஆர் காலத்தில், 400 வேகத்தில் சிஎல்2, சிஎல்3 என்று இரு வகை ராம்கள் விற்றன. கடிகாரம் 200 மெகாஹெர்ட்ஸ்தான் என்பதால் ஒரு சுழற்சியே 5 நானோ நொடி. ஒரே ஒரு எண் வித்தியாசத்துக்கு 10-க்கும் 15-க்கும் இடையிலான இடைவெளி. அன்றைய பிராசசர்களில் கேஷும் சிறியது. 2003-இல் வந்த ஏஎம்டி அத்லான் 64 நினைவகக் கட்டுப்பாட்டகத்தைப் பிராசசருக்குள்ளேயே கொண்டு வந்து மற்றத் தாமதங்களைக் குறைத்தபோது, ராமின் சொந்தத் தாமதம் முன்னைவிடத் துலக்கமாகத் தெரிந்தது. சிஎல் எண்ணைப் பார்த்து வாங்கு என்ற அறிவுரை அந்தக் காலத்தில் உழைத்துச் சம்பாதித்த அறிவுரை. எண்கள் பெருகி, சுழற்சி சுருங்கிய பின்னும் அது அப்படியே வாய்வழி வந்துகொண்டிருக்கிறது.

இன்றும் தாமதத்துக்கு மதிப்புள்ள வேலைகள் உண்டு. 7-ஜிப் போன்ற மென்பொருளில் கோப்புகளைச் சுருக்கும் வேகம் நினைவகத் தாமதத்தைப் பெரிதும் சார்ந்தது. பெரிய தரவுத்தளங்களில் ஒரு பதிவிலிருந்து அடுத்த பதிவின் முகவரியை எடுத்து, அங்கே போய் அதற்கடுத்ததை எடுக்கும் வேலைகளும் அப்படியே. அடுத்து எங்கே போக வேண்டும் என்பது முந்தைய பதில் வந்த பிறகே தெரியும் என்பதால் முன்கூட்டி எடுத்து வைக்கப் பிராசசரால் முடியாது. பிராசசர் திணறும் அளவுக்குப் படச்சட்ட வேகத்தை ஏற்றி விளையாடும் விளையாட்டுகளிலும் ஓரளவு தெரியலாம். எவ்வளவு தெரியும் என்பதற்கு ஒரே எண்ணைச் சொல்ல முடியாது. நிரலுக்கு நிரல் மாறும். என் அனுபவத்தில், முழுப் பயணத்தில் மூன்று நான்கு சதவீதம் என்ற மேலே சொன்ன கணக்கைத் தாண்டி ஒரு பழைய கணினி மேம்பட்டதை நான் கண்டதில்லை, அந்த அளவையும் அளந்துதான் கண்டேன், உட்கார்ந்து வேலை செய்யும்போது உணர்ந்ததில்லை.

சிஎல்லைவிட உங்களுக்குக் கூடுதல் பயன் தரப்போவது இரண்டாவது ஸ்லாட் நிரம்புவதுதான். ஒரு ராம் மட்டும் இருக்கும்போது பிராசசர் ஒரே வாய்க்காலில்தான் தண்ணீர் எடுக்கிறது: 1333 வேகத்தில் நொடிக்கு 10.6 ஜிபி. இரண்டு ஸ்லாட்டிலும் ராம் இருந்தால் இரண்டு வாய்க்கால், 21.3 ஜிபி. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் பிராசசரில் உள்ள கிராபிக்ஸையே நம்பியிருந்தால், காட்சிக்கான தரவும் இதே வாய்க்காலில்தான் போகிறது என்பதால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியலாம். 4 ஜிபியும் 8 ஜிபியும் சமமில்லையே என்று கவலைப்பட வேண்டாம். இன்டெல் பிராசசர்கள் 4 ஜிபியை 4 ஜிபியோடு இணைத்து அந்த 8 ஜிபியை இரட்டை வாய்க்காலாகவும், மீதி 4 ஜிபியை ஒற்றையாகவும் பயன்படுத்தும். நேர்த்தியான இணை இல்லைதான். ஆனால் 12 ஜிபி இருந்தால், இப்படி டிஸ்குக்குப் போய்வருவது பெரிதும் குறையும்.

இனி, வாங்கும்போது சிஎல் எண்ணைவிடக் கவனமாகப் பார்க்க வேண்டியவை. இங்கே தவறினால் ராம் மெதுவாக ஓடாது, கணினியே இயங்காது. ராமின் ஸ்டிக்கரை எடுத்துப் படியுங்கள். 8ஜிபி 2ஆர்எக்ஸ்8 பிசி3-12800யு-11 என்பது போன்ற ஒரு வரி அதில் இருக்கும். பிசி3 என்றால் டிடிஆர்3. 12800 என்பது 1600-ஐ எட்டால் பெருக்கி வருவது, நொடிக்கு எத்தனை எம்பி என்ற கணக்கு. யு என்ற எழுத்து மேசைக் கணினிக்கான சாதாரண ராமைக் குறிக்கும். அந்த இடத்தில் எஸ் இருந்தால் மடிக்கணினி ராம், ஆர் இருந்தால் சர்வர் ராம். சர்வர் ராம்கள் பழைய சந்தையில் மலிவாகக் கிடைக்கும், ஸ்லாட்டில் பொருந்தவும் செய்யும், ஆனால் உங்கள் பெட்டியில் உயிர் பெறாது. கடைசியில் வரும் 11-தான் இத்தனை நேரம் நாம் பேசிய சிஎல்.

நடுவில் இருக்கும் 2ஆர்எக்ஸ்8 என்பதைத்தான் பலர் கவனிக்காமல் விடுகிறார்கள். ஒவ்வொன்றும் ஒரு தடவைக்கு எட்டு பிட் தரும் சிப்புகள் இரண்டு தொகுதிகளாக இருக்கின்றன என்று அதற்குப் பொருள்; வழக்கமாகப் பலகையின் இரு பக்கமும் எட்டு எட்டாகப் பதினாறு சிப்புகள். 8 ஜிபியைப் பதினாறால் வகுத்தால் ஒவ்வொரு சிப்பும் அரை ஜிபி, அதாவது (ஒரு பைட்டுக்கு எட்டு பிட் என்பதால்) 4 கிகாபிட். உங்கள் பிராசசர் ஏற்கும் உச்ச அடர்த்தி அதுதான். ஒரே பக்கத்தில் எட்டு சிப்புகள் மட்டும் கொண்ட 8 ஜிபி டிடிஆர்3 ராம் கையில் வந்தால், அதில் ஒவ்வொரு சிப்பும் 8 கிகாபிட். உங்கள் கணினி அதை ஏற்காது. எக்ஸ்4 என்று முடியும் ராம்களையும் தவிர்த்துவிடுங்கள், இன்டெல் மேசைப் பிராசசர்கள் அவற்றை ஏற்பதில்லை. இதைப் படிக்கும் வேறு யாராவது இன்னும் பழைய, ஜி41 சிப்செட் கொண்ட கணினி வைத்திருந்தால், அங்கே 2 கிகாபிட் சிப்புகளுக்கு மேல் ஆகாது என்பதால் 4 ஜிபி ராமுக்கே பதினாறு சிப்புகள் இருக்க வேண்டும்.

மின்னழுத்தத்தையும் பாருங்கள். டிடிஆர்3 தரம் 1.5 வோல்ட், பிசி3எல் என்று எழுதியிருந்தால் 1.35 வோல்ட். பிசி3எல் ராம் 1.5 வோல்ட்டிலும் ஓடும் என்பதால் உங்களுக்கு இரண்டும் பொருந்தும், 1.35 வோல்ட் மட்டுமே தரும் பிந்தைய மடிக்கணினிகளில் 1.5 வோல்ட் ராமைப் போட முடியாது. உறை போட்ட குறைந்த சிஎல் ராம்களில் பல 1.65 வோல்ட் கேட்பவை. உங்கள் பிராசசருக்கு இன்டெல் அனுமதித்த வரம்பு 1.5 வோல்ட்டும் அதில் ஐந்து சதவீதமும்தான். நீங்கள் பார்த்து வைத்த சிஎல்9 ராமில் 1.65 என்று இருந்தால், அதை ஒதுக்க அந்த ஒரு காரணமே போதும்.

அந்த வகை ராமின் மேல் எழுதியிருக்கும் சிஎல்9 தானாக வந்துவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். எஸ்பிடியில் சாதாரண எண்கள் ஒரு பகுதியிலும், விளம்பரப்படுத்திய எண்கள் எக்ஸ்எம்பி என்ற தனிப் பகுதியிலும் இருக்கும். பயாஸில் எக்ஸ்எம்பியைத் தேர்ந்தெடுத்தால்தான் பின்னது நடைமுறைக்கு வரும். நிறுவனங்கள் முழுக் கணினியாக விற்ற பெட்டிகளில் அந்தத் தெரிவே பெரும்பாலும் இருப்பதில்லை. ஒருவர் ஆசையோடு வாங்கிப் போட்ட இரண்டு சிவப்பு உறை ராம்களை நான் சோதித்துப் பார்த்தபோது, அவை 1333-இல் 9-9-9-24 என்று, கழற்றி வைத்த பழைய ராமின் எண்களிலேயே ஓடிக்கொண்டிருந்தன. அவர் மூன்று மாதமாக அப்படித்தான் பயன்படுத்தி வந்திருக்கிறார். அந்தத் திரையை அவரிடம் காட்டியபோது எனக்கே மனம் கனத்தது.

எண்களைக் கையால் குறைத்துப் பார்க்கலாமா என்று தோன்றினால், அதில் நான் பட்டதைச் சொல்கிறேன். என் சொந்தக் கணினியில் 9-ஐ 8 ஆக்கினேன். இயங்குதளம் எழுந்தது, எல்லாம் ஓடியது, இரண்டு வாரம் ஒரு குறையும் தெரியவில்லை. பிறகு ஒரு நாள், அந்த இரண்டு வாரத்தில் சுருக்கி வைத்த காப்புக் கோப்புகளில் மூன்று விரியாமல் பிழை காட்டின. இரவு முழுதும் ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் மென்பொருளை ஓடவிட்டதில், மணிக்கு ஒன்றிரண்டாகச் சிதறிய பிழைகள் வந்தன. ராமில் ஒரு பிட் தவறினால் கணினி உடனே நின்றுவிடும் என்று நினைத்திருந்தேன். நிற்காமல், தவறான தரவையே சரியானதாக எண்ணி டிஸ்கில் எழுதிக்கொண்டிருந்தது. போன கோப்புகள் போனவைதான். ஒன்றரை நானோ நொடிக்காக அந்த அபாயத்தை ஏற்பது எந்தப் பழைய கணினிக்கும் தகாது என்பது அன்றிலிருந்து என் உறுதியான கருத்து.

நீங்கள் மதர்போர்டின் பெயரையும் இயங்குதளம் 32 பிட்டா 64 பிட்டா என்பதையும் எழுதவில்லை; இவ்விரண்டும் தெரியாமல் நான் சொன்னதை முழு உறுதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். விண்டோஸ் 32 பிட் என்றால் 4 ஜிபிக்கு மேல் எவ்வளவு போட்டாலும் பயனில்லை, முதலில் 64 பிட்டுக்கு மாற வேண்டும். விண்டோஸ் 7 ஹோம் பேசிக் என்றால் 64 பிட்டிலும் 8 ஜிபிதான் வரம்பு. மதர்போர்டு தயாரிப்பாளரின் தளத்தில் அந்த மாதிரிக்கான கையேட்டில் ஒரு ஸ்லாட்டுக்கு எத்தனை ஜிபி என்று பார்த்துவிடுங்கள். எச்61 பலகைகளில் இரண்டு ஸ்லாட்டும் சேர்த்து 16 ஜிபி என்பது வழக்கம். திருப்பித் தரும் வசதியோடு வாங்குங்கள்.

ராம் வந்ததும் மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு, பெட்டியின் உலோகத்தை ஒருமுறை தொட்டுவிட்டு, இரு முனைக் கொக்கிகளும் தாமாகச் சொடுக்கி மூடும்வரை நேராக அழுத்துங்கள். இயங்குதளத்துக்குள் போகுமுன் மெம்டெஸ்ட்86+ மென்பொருளை யுஎஸ்பியிலிருந்து இயக்கி, குறைந்தது ஒரு முழுச் சுற்று முடியவிடுங்கள். 12 ஜிபிக்குச் சில மணி நேரம் பிடிக்கலாம். ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த ராமை வைத்துக்கொள்ளாதீர்கள். எல்லாம் சரி என்றால் சிபியு-இசட் மென்பொருளில் நினைவகப் பக்கத்தைத் திறந்து, சேனல் என்ற இடத்தில் டூயல் என்றும், சிஎல் இருக்கும் இடத்தில் 9 என்றும் இருக்கிறதா என்று பாருங்கள். வேகம் 665 என்று காட்டும். பாதியாகிவிட்டதே என்று பதற வேண்டாம், அது கடிகாரத்தின் வேகம், இரட்டித்தால் உங்கள் 1333. அங்கே சிஎல் 9-க்குப் பதில் 10 அல்லது 11 என்று காட்டினால் அந்தப் பக்கத்தையும் எஸ்பிடி பக்கத்தையும் படமெடுத்து இங்கே போடுங்கள், எந்த எண் அதைத் தடுக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.